சார்ட்டில் வெறும் 'இன்சோம்னியா'ன்னு இருந்தா எஃப்51 போடலாமா, ஜி47 தானா?

#1 தூங்கா_கோடர்

வணக்கம் மக்களே. நான் மெடிக்கல் கோடர், டாக்டர் எழுதின நோய்ப் பெயருக்கு பில்லுக்கான கோட் போடுறது வேலை (எஃப்-னா மனநோய் சாப்டர், ஜி-னா நரம்பு மண்டல சாப்டர்). யுஎஸ் அவுட்பேஷன்ட் சார்ட், ஃபேமிலி மெடிசின் பார்க்கிறேன். இந்த வாரம் ஆடிட்ல ஒரு எரர் விழுந்திருக்கு. எனக்கு மனசே ஒப்பலை, நியாயம் கேட்க வந்திருக்கேன்.

சார்ட் இதுதான் (அடையாளம் எல்லாம் எடுத்துட்டேன், எண்களையும் மாத்திட்டேன்). நடுத்தர வயசுப் பெண். எட்டு மாசமா சரியான தூக்கம் இல்லை. எச்பிஐ-ல (நோய் வந்த கதையை எழுதுற பகுதி) டாக்டர் நல்லா விரிவா எழுதியிருக்கார். ஹால்ல சோபாவுல டிவி பார்த்துக்கிட்டே கண் அசந்துடுமாம், எழுந்து பெட்ரூமுக்குப் போய் படுத்தா முழிப்பு தட்டிடுமாம். தங்கச்சி வீட்டுல தங்கினப்ப நல்லாத் தூங்கினாங்களாம். சாயங்காலம் ஆனாலே 'இன்னைக்காவது தூக்கம் வருமா'ன்னு பயம். தைராய்டு நார்மல், ரத்தம் நார்மல். ஸ்லீப் ஸ்டடியில மூச்சுத் தடை இல்லை. பிஎச்க்யூ-9 (மனச்சோர்வுக் கேள்வித்தாள்) ஸ்கோர் 3. பிளான்ல சிபிடி-ஐ (மாத்திரை இல்லாம தூக்கமின்மைக்குத் தர்ற உளவியல் சிகிச்சை) ரெஃபரல்.

இவ்வளவும் எழுதிட்டு அசெஸ்மென்ட்ல, அதாவது என்ன நோய்னு முடிவு எழுதுற இடத்துல, ஒரே ஒரு சொல்: இன்சோம்னியா (தூக்கமின்மை).

நான் எஃப்51.04, சைக்கோஃபிசியலாஜிக் இன்சோம்னியா (படுக்கைன்னாலே முழிப்புன்னு பழகிப்போன வகை) போட்டேன். ஆடிட்டர் ஜி47.00-ன்னு அடிச்சுத் திருத்திட்டார். உடம்புல ஒண்ணுமில்லைன்னு பக்கம் பக்கமா இருக்கு. அதைக் கொண்டு போய் நரம்பு மண்டல சாப்டர்ல, அதுவும் 'அன்ஸ்பெசிஃபைட்'ல வைக்கிறது எந்த ஊர் நியாயம்?

#2 குவாலிட்டி_அண்ணாச்சி

ஆடிட்டர் போட்டது சரிதான் தாயி. கோவப்படாம கேளு.

நம்ம கோட் புத்தகம் ஐசிடி-10-சிஎம் இண்டெக்ஸ்ல 'இன்சோம்னியா'வைத் திற. அதுக்குப் பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள 'ஆர்கானிக்'னு (உடல் காரணம்) கிடக்கும், நேரா ஜி47.00. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற சொல்லு சார்ட்ல இருந்தாலும் இல்லாட்டாலும் கோட் மாறாது. டாக்டர் மேற்கொண்டு ஒண்ணும் சொல்லாம விட்டா புத்தகம் ஜி பக்கம்தான் தள்ளும். எஃப்51-க்குப் போகணும்னா அவரு கையால இன்னொரு வார்த்தை விழணும்: பிரைமரி, சைக்கோஃபிசியலாஜிக், பாரடாக்சிகல், அட்ஜஸ்ட்மென்ட், இல்லேன்னா இன்ன மனநோயால வந்ததுன்னு.

நீ எச்பிஐ படிச்ச, லேப் படிச்ச, ஸ்லீப் ஸ்டடி படிச்ச, எல்லாத்தையும் கூட்டி ஒரு முடிவு கட்டிட்ட. அது டாக்டர் பண்ற வேலை. கைட்லைன்ஸ்ல செக்ஷன் 1.ஏ.19 அதைத்தான் சொல்லுது: புரொவைடர் என்ன நோய்னு சொல்றாரோ அதுக்குத்தான் கோட். மருந்து லிஸ்ட்ல சோல்பிடெம்னு தூக்க மாத்திரை இருக்குன்னு இன்சோம்னியா போடக்கூடாதுங்கிறது எப்படியோ, இதுவும் அப்படித்தான்.

#3 தூங்கா_கோடர்

அண்ணாச்சி, 'ஆர்கானிக்'னும் டாக்டர் சொல்லலையே? அவர் சொல்லாததை நான் சொன்னா எரர், புத்தகம் சொன்னா ரூலா?

#4 குவாலிட்டி_அண்ணாச்சி

ஆமா.

#5 கீழ்ப்பாக்கம்_டாக்டர்

இருவருமே சரியான இடத்தில்தான் முட்டிக்கொள்கிறீர்கள். நான் மனநல மருத்துவர். கோடிங் எனக்குத் தெரியாது. அந்த ஒற்றைச் சொல்லின் பின்னால் இருக்கும் கதை தெரியும்.

உங்கள் எஃப்51.04 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தூக்க மருத்துவத்துக்கென்று தனி வகைப்பாட்டு நூல் ஒன்று உண்டு, ஐசிஎஸ்டி. 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சைக்கோஃபிசியலாஜிக்கல், இடியோபதிக், பாரடாக்சிகல் என்று தூக்கமின்மைக்குப் பல கிளைகள் இருந்தன. 2014-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவை எல்லாவற்றையும் ஒன்றாக்கி 'நாட்பட்ட தூக்கமின்மைக் கோளாறு' என்று ஒரே பெயராக வைத்துவிட்டார்கள். காரணம் எளிது. ஒரே நோயாளியை மூன்று மருத்துவர்கள் பார்த்தால் மூன்று கிளைப்பெயர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2013-இல், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5-உம் 'முதன்மை', 'இரண்டாம் நிலை' என்ற பிரிவைக் கைவிட்டது. வாரத்துக்கு 3 இரவு, 3 மாதம், தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் இல்லை, பகலில் அதனால் பாதிப்பு. இவ்வளவுதான் அளவுகோல். கூடவே மனச்சோர்வோ மூட்டுவலியோ இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதலாம்.

ஆக, சமீபத்தில் படித்து வந்த அமெரிக்க மருத்துவர் 'சைக்கோஃபிசியலாஜிக்' என்று எழுதவே மாட்டார். அவர் படித்த நூலில் அந்தக் கிளை இல்லை. ஆனால் பில்லுக்குப் போகிற கோட் புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது. நீங்கள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டீர்கள்.

இன்னொன்று. 'உடம்பில் ஒன்றுமில்லை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நார்மல் ரிப்போர்ட்களால் யாருக்கும் தூக்கமின்மை நோய் நிரூபணம் ஆகாது. அந்த சார்ட்டில் உண்மையான சான்று சோபாதான். தங்கச்சி வீடுதான். சாயங்காலப் பயம்தான். படுக்கை என்ற இடமே விழிப்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது என்பதை அவை காட்டுகின்றன. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் ஒரு சிகிச்சையை வகுத்தார்: தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போ, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அது. மருத்துவர் அதை எச்பிஐ-யில் அழகாகப் பிடித்திருக்கிறார், அசெஸ்மென்ட்டில் கோட்டை விட்டுவிட்டார்.

பிஎச்க்யூ-9 ஸ்கோர் 3 பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மூன்றாவது கேள்வியே தூக்கம் பற்றியதுதான். அதற்கு அதிகபட்ச மதிப்பெண் 3. அந்தப் பெண்ணுக்கு வந்த மொத்த மதிப்பெண்ணும் அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்திருக்கலாம்.

#6 குவாலிட்டி_அண்ணாச்சி

டாக்டர் சொன்ன பிஎச்க்யூ விஷயம் எனக்குப் புதுசு. நன்றிங்க.

தாயி, நீ பண்ணியிருக்க வேண்டியது கொயரி, அதாவது டாக்டர்கிட்டயே விளக்கம் எழுதிக் கேட்கிறது. அதுலயும் சூதானமா இருக்கணும். 'டாக்டர், இது சைக்கோஃபிசியலாஜிக் இன்சோம்னியாதானே?'ன்னு கேட்டா அது லீடிங் கொயரி, ஆடிட்ல அதுவே ஒரு எரர். சார்ட்ல இருக்கிற ஆதாரத்தை அப்படியே எடுத்து வை, அப்புறம் 'இன்சோம்னியாவின் வகை அல்லது காரணத்தை உங்கள் மருத்துவக் கணிப்பின்படி குறிப்பிட முடியுமா'ன்னு கேளு. ஆப்ஷன் குடுத்தா 'வேறு', 'சொல்ல இயலாது' ரெண்டும் கட்டாயம் இருக்கணும். பணம் எவ்வளவு வரும்ங்கிற பேச்சு கொயரில வரவே கூடாது.

'ப்ராபபிள்', 'லைக்லி', 'ரூல் அவுட்'னு பதில் வந்தா அவுட்பேஷன்ட்ல அதுக்கும் கோட் கிடையாது, மறுபடி ஜி47.00தான்.

#7 நித்திராதேவி_கனடா

வணக்கம். நான் டொரன்டோவில ஸ்லீப் லாப் ஒன்றில டெக்னாலஜிஸ்ட். இரவு முழுக்க மற்ற ஆக்கள் நித்திரை கொள்ளுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் என்ர வேலை.

கோட் சண்டைக்கு நான் வரேல்லை. இங்க ஒன்டாரியோவில டொக்டர்மார் ஓஹிப்புக்கு (மாகாண அரசின்ர மருத்துவக் காப்பீடு) அனுப்பிற பில்லில 307 எண்டு ஒரு இலக்கம் இருக்கு. நித்திரைக் குழப்பம், திக்குவாய், படுக்கையில சிறுநீர் போறது, பசியின்மை நோய் எல்லாம் அந்த ஒரே இலக்கத்துக்குள்ளதான். பழைய ஐசிடி-9-இன்ர மிச்சம். நீங்கள் 04-ஓ 00-ஓ எண்டு அடிபடுறதைப் பாக்க எனக்குப் பொறாமையாக் கிடக்கு.

நான் சொல்ல வந்தது லாப்பில நடக்கிறது. தலையில, கண்ணுக்குப் பக்கத்தில, நாடியில (தாடையில), காலில எல்லாம் வயர் ஒட்டி, மூக்குக்குக் குழாய் வைச்சு, நெஞ்சுக்கும் வயித்துக்கும் பட்டி கட்டி, விரலில ஒக்சிசன் கிளிப் போட்டுத்தான் படுக்க விடுறது. 30 செக்கன் 30 செக்கனாப் பிரிச்சு, ஒவ்வொண்டும் முழிப்போ, எந்த நிலை நித்திரையோ எண்டு ஸ்கோர் பண்ணுவம். விடிய வயர் கழட்டேக்குள்ள ஒரு தாள் குடுப்பம்: எவ்வளவு நேரம் நித்திரை கொண்டனீங்கள்?

ஒரு அம்மா, எங்கட ஊர் ஆள். 'பிள்ளை, ஒரு கண் மூடேல்லை' எண்டவ. தாளிலயும் சைபர் எண்டு எழுதினவ. ஸ்க்ரீனில ஆறு மணித்தியாலத்துக்கு மேல நித்திரை. குறட்டைச் சத்தம் மைக்கில வந்தது. அவ பொய் சொல்லேல்லை, அவவுக்கு அந்த இரவு முழுக்க முழிச்சிருந்த மாதிரித்தான். உங்கட புத்தகத்தில எஃப்51.03, பாரடாக்சிகல் எண்டு இருக்கிறது இதுதான்.

ஆனா பாருங்கோ, அந்த விடியத் தாளைப் பக்கத்தில வைச்சுப் பாத்தாத்தான் அது பிடிபடும். ரிப்போர்ட் சுருக்கத்தில 'ஸ்லீப் எஃபிஷியன்சி 84%, மூச்சுத் தடை இல்லை' எண்டு மட்டும் போகும், அதாவது படுத்திருந்த நேரத்தில 84% நித்திரை. தாள் ஃபைலுக்குள்ள கிடக்கும். குடும்ப டொக்டர் சுருக்கத்தைப் பாத்திட்டு 'நீங்கள் வடிவாத்தானே நித்திரை கொள்ளுறீங்கள்' எண்டு சொல்லி அனுப்பி விட்டிடுவார். அந்த மனுசி வீட்ட போய் என்ன நினைக்கும்?

#8 வைகைக்கரை

கோடிங், லேப் எதுவும் தெரியாது எனக்கு. எங்க அம்மாவுக்கு நடந்ததைச் சொல்றேன்.

வருஷக்கணக்கா தூக்கம் இல்லை. ஒரு டாக்டர், ரெண்டு டாக்டர் இல்லை. எல்லா சீட்டுலயும் ஒரே மாதிரி: டெஸ்ட் நார்மல், மனக்கவலை, ராத்திரிக்கு அல்ப்ராசோலம்னு ஒரு பதற்ற மாத்திரை. ஒரு இடத்துல 'நான்-ஆர்கானிக்'னே எழுதிட்டாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சதுனால நாங்களும் அதை நம்பிட்டோம். அம்மாவும் 'ஆமாய்யா எனக்கு மனசுதான் சரியில்ல'ன்னு சொல்லப் பழகிட்டாங்க.

அப்புறம் சுகருக்காகப் போன ஒரு டாக்டர் சும்மா பேச்சுவாக்குல கேட்டார்: 'படுத்தா கால் என்னம்மா பண்ணுது?' அம்மா உடனே, 'ஆடுசதைக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி குடையும் சார், ஆட்டிக்கிட்டே கெடக்கணும், எந்திரிச்சு முத்தத்துல நடந்தா விட்டுரும், திரும்பப் படுத்தா திரும்ப வரும்'னாங்க. அத்தனை வருஷத்துல இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டோம். 'கால் குடைச்சல் எல்லாருக்கும்தானே இருக்கு, தூக்கத்துக்கு மருந்து கேட்கப் போன இடத்துல அதை எதுக்குச் சொல்ல'ன்னாங்க.

ரத்தத்துல இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் 11. இரும்புச்சத்துக்கு வைத்தியம் ஆரம்பிச்சு சில மாசத்துல குடைச்சல் அடங்கிடுச்சு. தூக்கம் முழுசா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா முத்தத்துல நடக்கிறது நின்னுருச்சு.

#9 கீழ்ப்பாக்கம்_டாக்டர்

வைகைக்கரை, உங்கள் அம்மாவின் கதையை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், ஓய்வில்லாக் கால். அதற்கு ஸ்கேன் கிடையாது. நோயாளி வாயால் சொல்கிற நான்கைந்து விஷயம்தான் நோயறிதல்: ஆட்டவேண்டும் என்ற உந்தல், ஓய்வில் வருவது, அசைத்தால் குறைவது, மாலை இரவில் கூடுவது, வேறு கால் நோயால் வராதது. அந்த நோய் இருப்பவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து தரலாம் என்பது வழிகாட்டுதல். பொது லேப் அளவுகோலில் 30, 40 எல்லாம் 'நார்மல்' என்று அச்சாகி வரும். ஆக அங்கே டெஸ்ட் நார்மல் என்பதற்கே அர்த்தம் வேறு.

'தெளிவான உடல் காரணம் இல்லை' என்று எழுதுவதற்கு முன் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் பெரிய மிஷினில் வருபவை அல்ல. கால் குடைச்சல் உண்டா? பக்கத்தில் படுப்பவர் குறட்டை, மூச்சு நிற்பது பற்றி என்ன சொல்கிறார்? (பெண்களுக்கு ஸ்லீப் ஏப்னியா பல நேரம் 'தூக்கமே இல்லை டாக்டர்' என்ற புகாராகத்தான் வரும், குறட்டை பற்றிப் பேச்சே வராது.) இரவில் எத்தனை முறை சிறுநீர்? கடைசி காபி எப்போது? வேறு என்ன மாத்திரை, எந்த நேரத்தில்? ஸ்டீராய்டு, ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், சில மனச்சோர்வு மருந்துகள், எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும். கேட்டேன், இல்லை என்றார் என்பதையும் எழுதவேண்டும். எழுதாவிட்டால் அடுத்து பார்ப்பவருக்கு நாம் கேட்டோமா இல்லையா என்றே தெரியாது. 'நார்மல்' என்று ஒரே வார்த்தையில் முடித்த சீட்டுதான் உங்கள் அம்மாவை இத்தனை வருஷம் அலைக்கழித்தது.

#10 பாலிசி_பரமு

இங்கே யாரும் பேசாத ஒரு விஷயம். எஃப்னு ஆரம்பிச்சாலே மனநோய் சாப்டர். நம்ம ஊர்ல டேர்ம் பாலிசி எடுக்கிற ப்ரொபோசல் ஃபார்ம்ல மனநோய்க்கு சிகிச்சை உண்டான்னு ஒரு கேள்வி இருக்கும். வெறும் தூக்கமின்மைக்கு எஃப்51 போட்டுவச்சா அந்த ஆள் அங்கே 'ஆம்' போடணும். டாக்டர் ஜி47-ன்னு எழுதிக் குடுத்துட்டா என்ன கெட்டுடும்? அமெரிக்காவுல கூட பல டாக்டருங்க அப்படித்தான் பண்றாங்கன்னு கேள்வி.

#11 குவாலிட்டி_அண்ணாச்சி

பண்றாங்க. எஃப் கோட் வந்தா சில பிளான்ல க்ளெய்ம் பிஹேவியரல் ஹெல்த் பக்கம் போயிரும், ஃபேமிலி டாக்டருக்கு டினையல் வரும். அதுக்குப் பயந்தே வெறும் 'இன்சோம்னியா'னு எழுதுற புரொவைடரை நான் பார்த்திருக்கேன். தாயி சார்ட்ல இருக்கிற ஒத்தைச் சொல்லுக்கும் அது காரணமா இருக்கலாம், யாரு கண்டா.

இன்னொரு பக்கமும் உண்டு. க்ரானிக் இன்சோம்னியாவுக்காக மட்டும் ஸ்லீப் ஸ்டடி பண்ணினா மெடிகேர் (அமெரிக்க அரசோட முதியோர் காப்பீடு) கவர் பண்ணாது. ஸ்டடி ஏன் பண்ணினோம்னு, அதாவது குறட்டை, பகல் தூக்கம், மூச்சுத் தடை சந்தேகம்னு ஆர்டர்ல எழுதியிருக்கணும்.

#12 கீழ்ப்பாக்கம்_டாக்டர்

பரமு சார், என்ன கெட்டுவிடும் என்று சொல்கிறேன். ஜி47 என்று பொய்யாக எழுதினால் அந்த நோயாளி அடுத்து நரம்பியல் பிரிவுக்குப் போவார், எம்ஆர்ஐ எடுப்பார், அதுவும் நார்மல் வரும், பயம் இன்னும் கூடும். இணையத்தில் தேடி 'ஃபேட்டல் ஃபேமிலியல் இன்சோம்னியா'வைக் கண்டுபிடிப்பார். பிஆர்என்பி ஜீன் பிறழ்வால் சில குடும்பங்களில் மட்டும் வருகிற, உலகிலேயே மிக அரிதான பிரியான் நோய் அது. எங்கள் ஓபி-க்கு அந்தப் பெயரைப் பிரிண்ட் அவுட் எடுத்துக்கொண்டு வருகிற இளைஞர்கள் இப்போது சாதாரணம். அவருக்கு வேலை செய்யக்கூடிய சிகிச்சை சிபிடி-ஐ. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-இல் மாத்திரைக்கு முன்னால் முதலில் தரவேண்டியது அதுதான் என்று சொன்னது. தவறான கோட் அவரை அந்தக் கதவிலிருந்து விலக்கிக் கொண்டுபோய்விடும்.

காப்பீட்டுப் பயம் நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 21(4)-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியது. டேர்ம் பாலிசி வேறு விஷயம், அது உங்கள் துறை.

#13 பாலிசி_பரமு

அதேதான் சார், ஹெல்த் பாலிசிக்கு சட்டம் இருக்கு, லைஃப் பாலிசியில கம்பெனி ப்ரீமியம் ஏத்தலாம், தள்ளிப்போடலாம். ஆனா மறைக்கச் சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி 3 வருஷத்துக்குள்ள மறைச்சது தெரிஞ்சா பாலிசியையே கேள்வி கேட்கலாம். நான் கேட்டது டாக்டர் எழுதுறப்பவே வேற மாதிரி எழுதலாமான்னு.

#14 கீழ்ப்பாக்கம்_டாக்டர்

எழுத மாட்டேன். பெயரை மாற்றாமல் விளக்கமாக எழுதுவேன்: 'நாட்பட்ட தூக்கமின்மை. தற்போது வேறு மனநோய்க்கான அறிகுறி இல்லை.' அந்த இரண்டாவது வாக்கியம்தான் பிறகு நோயாளிக்கு உதவும். பெரும்பாலானோர் அதை எழுதாமல் விடுகிறார்கள்.

#15 அறைக்கு_வெளியே_போ (மருத்துவ உளவியலாளர்)

தாமதமா வரேன். ஐசிடி-11 பற்றி யாரும் சொல்லலையே? 2022 ஜனவரி 1-லிருந்து நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனப் பதிப்பு. அதுல தூக்க-விழிப்புக் கோளாறுகளுக்குத் தனி அத்தியாயமே கொடுத்துட்டாங்க, மனநோயிலும் இல்லை, நரம்பு நோயிலும் இல்லை. நாட்பட்ட தூக்கமின்மை 7ஏ00, குறுகிய காலத்துது 7ஏ01. 'ஆர்கானிக்', 'நான்-ஆர்கானிக்' பிரிவே கிடையாது. இந்த இழையில பாதிச் சண்டை அங்கே செல்லாது.

அமெரிக்கா எப்ப மாறும்னு கேட்காதீங்க, ஐசிடி-10-க்கு அவங்க வந்ததே 2015 அக்டோபர்லதான்.

#16 தூங்கா_கோடர்

கொயரிக்குப் பதில் வந்துடுச்சு! டாக்டர் எழுதினது 'பிரைமரி இன்சோம்னியா'.

#17 குவாலிட்டி_அண்ணாச்சி

அப்ப எஃப்51.01. நீ போட்ட 04-ம் இல்ல, ஆடிட்டர் போட்ட 00-ம் இல்ல. எரர் மட்டும் நிக்கும், ஏன்னா கொயரிக்கு முன்னாடி போட்டது.

#18 தூங்கா_கோடர்

எஃப் சாப்டர்தானே வந்துச்சு? எரரை எதிர்த்து ரீபட்டல் போடத்தான் போறேன்.

சரி அதை விடுங்க. இவ்வளவு படிச்சப்புறம் என் கதையையும் கேட்டுடறேன். நைட் ஷிஃப்ட். காலைல ஏழரைக்கு வீட்டுக்கு வந்து படுத்தா பன்னெண்டு வரைக்கும் புரண்டுக்கிட்டே இருப்பேன். கையில கட்டியிருக்கிற வாட்ச் வேற, 'டீப் ஸ்லீப் 22 நிமிஷம்'னு சிவப்புல காட்டும், அதைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும். அத்தை வந்து வேப்பிலை அடிக்கச் சொல்றாங்க. எனக்கு என்ன கோட்?

#19 நித்திராதேவி_கனடா

முதலில அந்த மணிக்கூட்டைக் கழட்டுங்கோ. அது மூளையைப் பாக்கிறதில்லை, கை அசையுறதையும் நாடித் துடிப்பையும் வைச்சு ஊகிக்கிறது. அசையாமப் படுத்திருந்தா நித்திரை எண்டும். டீப், லைட் எண்டு பிரிக்கிறதை நம்பி எந்த லாப்பும் ரிப்போர்ட் எழுதாது. அந்த இலக்கத்தைப் பாத்துப் பாத்தே நித்திரை கெட்டு வாற ஆக்களுக்கு 2017-இல ஆராய்ச்சியாளர்கள் 'ஆர்தோசோம்னியா' எண்டு பெயரும் வைச்சிட்டினம்.

#20 அறைக்கு_வெளியே_போ

கோட் பிறகு. முதல்ல ரெண்டு வாரம் தூக்க டைரி எழுதுங்க. சாதாரண நோட்டு போதும். எழுந்ததும் உத்தேசமா எழுதணும், படுத்துக்கிட்டே கடிகாரம் பார்க்கக்கூடாது.

எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போனேன், எப்போ தூங்க முயற்சி பண்ணேன், தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆச்சு, நடுவுல எத்தனை தடவை முழிச்சேன், மொத்தம் எவ்வளவு நேரம், கடைசியா எப்போ முழிச்சேன், எப்போ எழுந்து வந்தேன், தூக்கம் எப்படி இருந்துச்சு. ஓரத்துல காபி, மாத்திரை, குட்டித் தூக்கம், ஷிஃப்ட் நேரம்.

ஒரு வரி எப்படிப் பேசும்னு காட்டுறேன். பகல் வேலைக்காரர் ஒருத்தர்: ராத்திரி 10:30-க்குப் படுத்தார், 1:15-க்குத் தூங்கினார், நடுவுல மொத்தம் அரை மணி முழிப்பு, 5:45-க்கு முழிச்சார், 6:30-க்கு எழுந்தார். படுக்கையில 8 மணி நேரம், தூங்கினது 4 மணி நேரம். எஃபிஷியன்சி 50%. பொதுவா 85-க்கு மேல இருந்தா நல்லதுன்னு வச்சுக்குவோம். அவர்கிட்ட 'எத்தனை மணி நேரம் தூங்குறீங்க'ன்னு கேட்டா 'தூங்கவே இல்லைங்க'ன்னுதான் சொல்வார். டைரி வேற சொல்லுது: தூக்கம் வராத நாலு மணி நேரமும் அவர் படுக்கையிலயே கிடக்கார். ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல எழுதினது இதைத்தான்: ஒரு ஆளுக்குத் தூக்கம் கெடத் தொடங்கின காரணம் ஒண்ணு (சாவு, வேலை போனது, பிரசவம்), அது மாசக்கணக்கா நீடிக்கிறதுக்குக் காரணம் வேற (சீக்கிரமே போய்ப் படுக்கிறது, பகல்ல ஈடு கட்டுறது, லீவ் நாள்ல கிடக்கிறது). முதல் காரணம் போன பிறகும் ரெண்டாவது நிக்கும். 'காரணம் தெரியலை'ன்னு எழுதுற பல ஃபைல்ல யாரும் ரெண்டாவதைத் தேடவே இல்லை.

டைரியோட, தூக்கமின்மை எவ்வளவு கடுமைன்னு அளக்கிற ஐஎஸ்ஐ-ன்னு ஏழு கேள்வித் தாள் ஒண்ணு. 28-க்கு 15 வந்தா மிதமான அளவு, 22-ம் அதுக்கு மேலயும் வந்தா கடுமை. சிகிச்சைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே தாளைப் போட்டு வைக்கணும்.

படுக்கை நேரத்தைக் குறைக்கிற சிகிச்சையை மட்டும் நீங்களே வீடியோ பார்த்து ஆரம்பிக்காதீங்க. வலிப்பு, இருதுருவ மனநிலைக் கோளாறு இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து, வண்டி ஓட்டுறவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும்.

#21 கீழ்ப்பாக்கம்_டாக்டர்

உளவியலாளர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் கேஸில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூக்கமின்மை அல்ல, ஷிஃப்ட் வேலைக் கோளாறு. உங்கள் புத்தகத்தில் அதற்கு ஜி47.26 என்று கோட் இருப்பதாகத் தேடிப் பார்த்தேன், அண்ணாச்சி சரிபார்க்கட்டும். உடலின் கடிகாரம் பகலை விழிப்பு என்று வைத்திருக்கும்போது நீங்கள் அதை எதிர்த்துத் தூங்கப் பார்க்கிறீர்கள். வேப்பிலைக்கும் அதற்கும் பகையில்லை, அத்தை மனசுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று டைரிதான் பிரித்துக் காட்டும். டைரியுடன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிஎஸ்எச் (தைராய்டு) ரிசல்ட், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஷிஃப்ட் ரோஸ்டர் எல்லாவற்றையும் ஒரே கவரில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் அல்ப்ராசோலம் வாங்குவது வேண்டாம். அது ஷெட்யூல் எச்1 மருந்து, கடைக்காரரும் தரக்கூடாது.

#22 குவாலிட்டி_அண்ணாச்சி

ஜி47.26 சரிதான் டாக்டர். சர்க்கேடியன் ரிதம், ஷிஃப்ட் வொர்க் டைப்.

#23 தூங்கா_கோடர்

டைரி இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். சனி, ஞாயிறு எனக்கு ஆஃப், அப்ப மனுஷி மாதிரி ராத்திரிதான் தூங்குவேன். அந்த ரெண்டு நாளை விட்டுடலாமா?

#24 அறைக்கு_வெளியே_போ

விடவே கூடாது. அந்த ரெண்டு ராத்திரிதான் எனக்கு முதல்ல வேணும். ஆஃப் நாள்ல படுத்ததும் தூங்கிட்டீங்கன்னா பிரச்சினை பெரும்பாலும் ஷிஃப்ட்ல இருக்கு. அப்பவும் உங்க வீட்டுப் படுக்கையில ஒரு மணி நேரம் புரண்டா நாம பேச வேண்டியது வேற. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எழுந்தீங்கங்கிறதை மட்டும் தெளிவா எழுதுங்க, அதுல எல்லாரும் ஏமாத்துவாங்க.